சென்ட்ரிங் பலகையில் வெந்த பிரியாணி

மரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. இதை இன்றைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன், என் மனைவி சரோஜா பக்கத்தில் இல்லாத பட்சத்தில்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். (இரண்டு தரப்புக்கும் சந்தோஷம்தான்.) மீசை முளைக்கும் முன்பே சென்ட்ரிங் வேலைக்குப் போனேன். சென்ட்ரிங் என்றால், வீட்டுக்கு மேல்தளம் போடும்போது ஊற்றிய கான்கிரீட் இறுகும்வரை அதை அடியில் தாங்கிப் பிடிக்கிற பலகையும் முட்டும் அடிக்கிற வேலை. முதலில் அடுத்தவன் பலகையைச் சுமந்தேன். பிறகு சொந்தப் பலகை வாங்கினேன். பிறகு என் பலகையை அடுத்தவன் சுமந்தான். அன்றிலிருந்து நான் மேஸ்திரி. பெங்களூரில் நீங்கள் எந்த மூலைக்குப் போனாலும், என் பலகையின் மேல் படுத்துக் காய்ந்த கூரை ஒன்றாவது உங்கள் தலைக்கு மேலே இருக்கும். அதில் ஒன்றுகூட ஒழுகியதில்லை. ஒழுகியதாகச் சொன்ன ஒரே ஆள், மாடியில் துணி துவைத்த தண்ணீரைப் பார்த்துச் சொன்னவர்.

இப்படிப்பட்ட ஆளிடம் போய் விறகு எப்படிப் பொறுக்குவது என்று யாராவது சொல்லிக்கொடுக்க முடியுமா? என் மகள் கவிதா சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

கவிதா ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருந்தாள். அங்கே மிஷின் ரிப்பேருக்கு வருகிற பையன் பிரபு. கோலார் தங்கவயல்காரன், தினமும் காலை ரயிலில் பெங்களூர் வந்து போகிறவன். அந்த சென்டர் மிஷின் ஏன் வாரத்துக்கு இரண்டு தடவை ரிப்பேராகிறது என்று நான் ரொம்ப நாள் அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். காரணம் பிறகுதான் தெரிந்தது.

பையன் நல்லவன். அவனுடைய அப்பா ஆறுமுகம் முப்பது வருஷம் சுரங்கத்துக்குள்ளே வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிப்போய்விட்டது, ஆனால் அதன் தூசி மட்டும் அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். அதிர்ந்து பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி செல்லம்மா பேசுவார். செல்லம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் அரை மனசு. அவருடைய அண்ணன் வீட்டில் ஒரு பெண் தயாராக இருந்தாள்.

முதல் தடவை எங்கள் ஜீவனஹள்ளி வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் மட்டும் குடித்தார்கள். இரண்டாவது தடவை காபி. மூன்றாவது தடவை சாப்பிட வருவதாகச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சமைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டால் 'கை நனைத்தாச்சு' என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சு மாறக் கூடாது. சாப்பிடாமல் எழுந்து போனால் அதற்கும் அர்த்தம் உண்டு. யாரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

நாள் குறித்த பிறகு ஆறுமுகம் போன் பண்ணினார்.

"மேஸ்திரி, ஒண்ணே ஒண்ணு. எனக்குப் பொகை மட்டும் ஆவாது. கேஸ்லதானே சமைப்பீங்க?"

"இன்னா சம்பந்தி நீங்க!" என்றேன். (அவர் இன்னும் என்னை 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் முதல் நாளே 'சம்பந்தி'க்கு மாறிவிட்டேன்.) "பொகைன்ற பேச்சே கெடையாது. நம்மகிட்ட ராக்கெட் அடுப்பு இருக்குது. வந்து பாருங்க, அசந்துடுவீங்க."

இருந்தது. அதில் பொய் இல்லை. போனில் ஒரு வீடியோ பார்த்து, என்னோடு பல வருஷமாக சைட்டில் இருக்கிற வெல்டர் ஜபி பாயிடம் செய்யச் சொன்னேன். பெரிய இரும்புக் குழாய் ஒன்று நின்றுகொண்டிருக்கும். அதன் காலடியில் இன்னொரு குழாய் படுத்துக்கொண்டிருக்கும். படுத்த குழாயில் விறகை நீட்டிப் பற்றவைத்தால், நிற்கிற குழாய் காற்றைச் சர்ரென்று இழுத்து, புகையையும் சேர்த்தே எரித்து, மேலே வெறும் தீயாக அனுப்பும். ஜபி பாய் பிரியாணி அண்டா உட்காருகிற அளவுக்குக் கனமாகவே செய்தார். சோதனைக்கு நாலு சவுக்குக் குச்சி வைத்து டீ போட்டோம். ராக்கெட் மாதிரியே உறுமியது. புகை, ஒரு ஊதுபத்தி அளவுக்குக்கூட இல்லை.

அன்றிலிருந்து எனக்குத் தலை கால் புரியவில்லை. அடுப்புக்குப் பெயர் என்னுடையது, உழைப்பு ஜபி பாயுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கவிதா மட்டும் என்னை மாதிரி வாயால் அடுப்பு எரிக்கிற ஆள் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பே மரக்கடையிலிருந்து சவுக்கு வாங்கி, ஜபி பாயிடம் கொடுத்துக் கட்டை விரல் கனத்துக்குப் பிளக்கச் சொன்னாள். மொட்டை மாடியில் செங்கல் மேல் அடுக்கிவைத்தாள். பகலில் வெயிலில், மழை வந்தால் தார்ப்பாய்க்குள். தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் மாடியேறிப் பிள்ளையைத் திருப்பிப் போடுகிற மாதிரி அதைத் திருப்பிப் போட்டாள். ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி மாடிக் கதவில் ஒட்டினாள்:

'பிளந்த சவுக்கு மட்டும். கட்டை விரல் கனம். வாயை அடைக்காதே, அடியில் காற்றுக்கு இடம் விடு. பெயின்ட், ஆயில், பிளைவுட் எதுவும் போடாதே.'

"நைனா, படிச்சியா?"

"படிச்சேன் படிச்சேன்."

"இன்னா எழுதியிருக்குது சொல்லு."

"வெறகு போட்டு எரிக்கணும்னு எழுதியிருக்குது. போம்மா, எனக்கேவா?"

உண்மையில் முதல் வரியைத்தான் படித்திருந்தேன். மீதிக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி கீழே இருந்தது. கீழே போய் எடுத்துக்கொண்டு மேலே வந்து படித்தாலும் எனக்குத் தெரிந்த விஷயமாகத்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மாடிக்குப் போய் அந்தச் சவுக்குக் குச்சிகளைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. சுள்ளி! மேஸ்திரி வீட்டு விருந்துக்குச் சுள்ளியா? தங்கவயலிலிருந்து வருகிற மனிதர் என்ன நினைப்பார்? ஆயுசு முழுக்க மரத்தோடு குடித்தனம் பண்ணினவன், பெண் சம்பந்தத்துக்கு முருங்கைக்காய் மாதிரி குச்சியை எரிக்கிறான் என்று நினைக்க மாட்டாரா?

அப்போதுதான் மாடி மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், என் பழைய பலகைகள் கண்ணில் பட்டன. நான் சொந்தமாக வாங்கிய முதல் செட். எத்தனையோ கூரைகளைத் தாங்கின பலகைகள். இருபது வருஷம் வெயிலில் காய்ந்தவை. இதைவிடக் காய்ந்த மரம் பெங்களூரில் எங்கே இருக்கிறது? என் மகள் சம்பந்தம் என் பலகையில் வேக வேண்டும், அதுதான் நியாயம் என்று தோன்றியது. தோன்றியதும் கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. (எனக்கு இப்படி நெஞ்சு நெகிழ்கிறபோதெல்லாம் வீட்டில் யாராவது என்னைப் பிடித்துக் கட்டிப்போட வேண்டும்.)

ரம்பம் எடுத்தேன். பலகையை முழ நீளத் துண்டுகளாக, என் உள்ளங்கை அகலத்துக்கு, கம்பீரமாக அறுத்தேன். அடுக்க இடம் வேண்டுமே என்று கவிதாவின் சவுக்கு அடுக்கைத் தூக்கித் தொட்டியோரம் தள்ளிவைத்தேன்.

ஜபி பாய் மாடிக்கு வந்தவர் நின்றுவிட்டார்.

"அரே மேஸ்திரி, இது சென்ட்ரிங் பலகை லக்டி இல்ல?"

"ஆமா. ஏன்?"

"நக்கோ மேஸ்திரி, வாணாம். பாப்பா சவுக்குதான் போடச் சொல்லிச்சு."

"ஜபி பாய், உனக்கு இரும்பு. எனக்கு மரம். நான் எப்பவாவது உன் வெல்டிங்ல கை வெச்சேனா?"

"வெச்சீங்க. கண்ணு வீங்கி நாலு நாள் படுத்தீங்க."

அதை நான் காதில் வாங்கவில்லை.

கீழே சரோஜா ஏற்கெனவே கவலையில் இருந்தாள். பாயசம் இறக்கிய கையோடு கேஸ் சிலிண்டர் பிராணனை விட்டிருந்தது. அடுத்தது வர நாலு நாள் ஆகும். முப்பது முட்டை வேகாமல் கூடையில் அப்படியே இருந்தது. "முட்டையையும் உங்க அடுப்புலதான் வேக வைக்கணும், கேட்டுதா?" என்று மாடிப்படியில் நின்று கத்தினாள். "முட்டை என்னடி முட்டை, யானையையே வேக வைக்கும்" என்று மேலிருந்து கத்தினேன்.

பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஆறுமுகம், செல்லம்மா, பிரபு, இன்னும் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர். கூடத்தில் உட்கார வைத்திருக்கலாம். அங்கே பாய் விரித்து வைத்திருந்தாள் சரோஜா. நான் விடுவேனா? மாடியில் ஷாமியானா கட்டி, அடுப்பிலிருந்து பத்தடி தூரத்தில் நாற்காலி போட்டிருந்தேன். சினிமா பார்க்கிற மாதிரி வரிசையாக. நடு நாற்காலி ஆறுமுகத்துக்கு. பாவம், மூன்று மாடி ஏறி வந்து, கைப்பிடியைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கி, அப்புறம் உட்கார்ந்தார்.

"இதுதான் சம்பந்தி அந்த அடுப்பு" என்றேன்.

"அடுப்பு நல்லா இருக்குது மேஸ்திரி" என்றார். அவர் கண் அடுப்பில் இல்லை, பக்கத்தில் அடுக்கியிருந்த பலகைத் துண்டுகள் மேல் இருந்தது. என் மரத்தைத்தான் வியக்கிறார் என்று பெருமையாக இருந்தது.

தேங்காய் நாரும் ஓடும் வைத்துப் பற்றவைத்தேன். முதல் அரை மணி நேரம் சொர்க்கம். அந்தத் தீ ஜிவ்வென்று மேலே வந்தது. அண்டாவில் எண்ணெய் காய்ந்தது. வெங்காயம் பொன்னிறம். கறி போட்டேன். மசாலா வாசம் பக்கத்துத் தெரு வரைக்கும் போயிருக்கும். செல்லம்மாகூட மூக்கைத் தூக்கினார். நான் மீசையைத் தடவிக்கொண்டு, தண்ணீர் ஊற்றி, அரிசியைக் கொட்டி, ஒரே நேரத்தில் நாலு பலகைத் துண்டைக் குழாய்க்குள் செருகினேன்.

டப்!

ஏதோ வெடித்தது. செல்லம்மா நாற்காலியோடு ஓரடி பின்னால் போனார். இன்னொரு டப். அப்புறம் டப டபவென்று தீபாவளி. பலகையில் ஒட்டியிருந்த பழைய கான்கிரீட் சூட்டில் தெறித்தது. ஒரு துண்டு பறந்து ஷாமியானா துணியில் ஓட்டை போட்டது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றேன். "நல்ல மரம் பேசும்."

அதன் பிறகு வந்தது புகை. நான் வாழ்க்கையில் டயர் எரிவதைப் பார்த்திருக்கிறேன், லாரி சைலன்சருக்குப் பின்னால் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறேன். அதெல்லாம் சாம்பிராணி. இது கறுப்பாக, கொழுகொழுவென்று, நாக்கில் ஒட்டுகிற மாதிரி வந்தது. அண்டாவைச் சுற்றி எழுந்து மூடியைத் தடவி, ஷாமியானாவுக்குள் வந்து குடியேறியது.

காற்றுப் போதவில்லை என்று எனக்குப் பட்டது. அது சரிதான். ஆனால் அதற்கு நான் செய்த வைத்தியம், இன்னும் இரண்டு பலகையைச் செருகியது. குழாய் வாய் முழுக்க அடைத்துவிட்டது. உறுமிக்கொண்டிருந்த ராக்கெட் இப்போது இருமியது. நான் ஓரத்தில் சைட் மிஷினுக்கென்று வைத்திருந்த டீசல் கேனை எடுத்தேன்.

ஜபி பாய் ஒரே பாய்ச்சலில் வந்து என் கையிலிருந்து கேனைப் பிடுங்கினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை ஒருமையில் பேசியதில்லை.

"பைத்தியமா உனக்கு? எரியுற அடுப்புல டீசலா? எல்லாரையும் சேத்துப் புதைக்கப் பாக்குறியா?"

பக்கத்து மாடியிலிருந்து கௌரம்மா தலையை நீட்டிக் கன்னடத்தில் கத்தினார். "ரீ மேஸ்திரி! ஏன்ரீ இது? நம் பெட்ஷீட் எல்லா கப்பாய்த்து!" அவர் காயப்போட்டிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பில் கறுப்புப் புள்ளிகள், வரிசையாக, கோலம் போட வைத்த மாதிரி.

அப்போதுதான் எனக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. இருமல். சாதாரண இருமல் இல்லை. நடு நாற்காலியில் ஆறுமுகம் இரண்டாக மடிந்திருந்தார். இருமி முடித்து மூச்சை உள்ளே இழுக்கப் பார்க்கிறார், இழுக்க முடியவில்லை. உதடு நிறம் மாறியிருந்தது. பிரபு அப்பாவின் சட்டைப் பையிலிருந்து உறிஞ்சும் மருந்தை எடுத்து வாயில் வைத்தான். கவிதா ஒரு ஈரத் துண்டைக் கொண்டுவந்து அவர் மூக்கை மூடி, "மாமா, என்னப் புடிச்சிக்கங்க, மெதுவா, கீழ போயிடலாம்" என்று தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினாள். இறங்குகிறபோது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுக்கி வைத்த பலகையைத்தான் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

 'பொகைன்ற பேச்சே கெடையாது' என்று நான்தானே அந்த மனிதரிடம் சொன்னேன்? என் வாக்கை நம்பித்தானே அவர் அந்த நெஞ்சை மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்தார்?

கூடத்து ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தார்கள். ஸ்கேன் சென்டர் டாக்டருக்குக் கவிதா போன் போட்டு, அவர் சொன்னபடி மருந்தை மறுபடி கொடுத்தாள். கால் மணி நேரம் போல ஆனது. மூச்சு மெல்லப் படிந்தது. உதடும் பழைய நிறத்துக்கு வந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போலாம்பா" என்று பிரபு சொன்னான். ஆறுமுகம் கையை ஆட்டினார், வேண்டாம், சரியாகிவிட்டது என்று.

இதற்கிடையில் மேலே அடுப்பு எப்படியோ அதன் வேலையை முடித்திருந்தது. ஜபி பாய் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். சரோஜா மூடியைத் திறந்தாள். மேலாகப் பார்த்தால் நல்ல பிரியாணிதான். ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மெக்கானிக் ஷாப்பில் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு சாப்பிடுவது போல இருந்தது. முழுங்கவும் முடியவில்லை, சம்பந்தி வீட்டார் முன்னால் துப்பவும் முடியவில்லை.

"நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

சரோஜா ஒரு பருக்கையை நாக்கில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். "நீங்களே பூரா அண்டாவையும் சாப்பிடுங்க" என்றாள்.

செல்லம்மா எழுந்து புடவையைச் சரிசெய்தார். "கெளம்பலாங்க. ரயிலுக்கு நேரமாவுது." ரயிலுக்கு நாலு மணி நேரம் இருந்தது.

கவிதா போனை எடுத்தாள். "அத்தே, அரை மணி நேரம். நல்ல பிரியாணி வரவழைச்சுடறேன்."

"ஓட்டல் சோத்துல கை நனைக்கறதா இருந்தா, ஓட்டல்லயே பொண்ணு எடுத்திருப்போமே" என்றார் செல்லம்மா. சொந்தக்காரர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். பிரபு மட்டும் நகரவில்லை. கவிதா போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். பெரிய பெரிய கூரையைத் தாங்கினவன் நான். என் பெண்ணின் தலைக்கு மேல் அன்றைக்கு விழுந்துகொண்டிருந்ததற்கு அடியில் முட்டுக் கொடுக்க என்னிடம் ஒரு கட்டை இல்லை.

"இரு செல்லா" என்றார் ஆறுமுகம். குரல் கரகரத்தது. "மேஸ்திரி, அந்த வெறகுல ஒரு துண்டு எடுத்தாங்க."

கொண்டுவந்தேன். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகவில்லை. நகத்தால் சுரண்டி, விரலைத் தேய்த்துப் பார்த்தார். விரல் பளபளத்தது.

"மேல பாத்தப்பவே சந்தேகம். கான்கிரீட் ஒட்டாம இருக்க இதுக்கு இன்னா பூசுவீங்க?"

"வேஸ்ட் ஆயில்" என்றேன். வண்டி இன்ஜினிலிருந்து வடித்த எண்ணெய். ஒவ்வொரு கூரைக்கும் முன்னால் ஒரு பூச்சு. இருபது வருஷம். இதை உலகத்திலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது, அன்று காலையில் மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. "ஆனா இருபது வருஷம் காஞ்ச பலகைங்க."

"காஞ்சதுதான். ஆனா அத்தினி வருஷமும் ஆயில் குடிச்சிருக்குதே. குடிகாரன் வாயில வத்திக்குச்சி கொளுத்தினா மாதிரி ஆச்சு." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகி நின்றது. "வீட்ல வேற வெறகு இல்லியா?"

"இருக்குது மாமா" என்றாள் கவிதா. "சவுக்கு. நான் காய வெச்சிருந்தேன்."

இருந்தது, நான் தள்ளிவைத்த இடத்தில். தொட்டி நிரம்பி வழிந்து, பாதிக் குச்சிகள் நனைந்திருந்தன. அந்த அடுக்கை அப்படியே கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டோம். ஆறுமுகம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடியே இரண்டிரண்டு குச்சியாக எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். டிங் என்று கேட்டால் வலது பக்கம். தொக் என்று கேட்டால் இடது பக்கம்.

"சொரங்கத்துல உள்ள போனதும் மொதல்ல மேல் பாறையத் தட்டிப் பாப்போம் மேஸ்திரி. கணீர்னு கேட்டா வேலையப் பாக்கலாம். டொக்குனு கேட்டா வெளிய ஓடணும். வெறகும் அதே கதைதான். ஈரம் இருந்தா தொக்குனுதான் பேசும். நனைஞ்சது மேலாப்லதான், நாளைக்குக் காஞ்சிடும். இன்னைக்கு வாணாம்."

முப்பது வருஷம் தன் தலைக்கு மேலே இருந்ததைத் தட்டிப் பார்த்து உயிரோடு வந்த மனிதர் அவர். நானும் ஆயுசு முழுக்கத் தலைக்கு மேலே போவதைத்தான் தாங்கினேன். ஆனால் நான் எதையும் தட்டிப் பார்த்ததில்லை. அடித்தேன், ஏற்றினேன், அடுத்த சைட்டுக்குப் போனேன்.

அப்புறம் அவர் கீழேயிருந்து சொல்ல, நான் மேலே செய்தேன். எனக்கு ஒருத்தர் மரத்தைப் பற்றி உத்தரவு போட்டு நான் வாய் பேசாமல் கேட்டது அன்றைக்குத்தான். குழாயிலிருந்த பலகைத் துண்டுகளை இடுக்கியால் இழுத்து மணலில் போட்டு மூடினோம். ("தண்ணி ஊத்தாதீங்க, ஆயில் தீ. தெறிக்கும்" என்று பிரபு வழியாகச் சொல்லி அனுப்பினார்.) உள்ளே இருந்த சாம்பலை வாரினால், பாதி சாம்பல், பாதி ஆணி. அடுப்பு ஆறிய பிறகு கரியைச் சுரண்டினோம். காய்ந்த குச்சியில் வெறும் அடுப்பை முதலில் எரியவிட்டோம், எண்ணெய் வாசம் அடங்கும்வரை. மூன்று குச்சிக்கு மேல் போடவில்லை. நுனி மட்டும் தீயில். எரிய எரிய உள்ளே தள்ளு. அடியில் காற்றுக்கு இடம். எல்லாம் அந்தக் காலண்டர் தாளில் இருந்ததுதான். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன்.

ராக்கெட் மறுபடி உறுமியது. மேலே வானம் நீலமாக இருந்தது. சமைக்கத்தான் எதுவும் இல்லை. அரிசி, கறி எல்லாம் அந்த அண்டாவில் பாழாய்ப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெரு முனைக் கறிக்கடையும் காலி.

"முட்டை இருக்குது" என்றாள் சரோஜா.

முப்பது முட்டையும் வெந்தது. கூடத்தில் வாழை இலை போட்டு, அந்தப் பெரிய இலைக்கு நடுவில் ஆளுக்கு இரண்டு முட்டை வைத்தோம். ஓரத்தில் உப்பு, மிளகுத்தூள், பிரியாணிக்கென்று செய்த தயிர்ப் பச்சடி. நுனி இலையில் பாயசம். நான் கட்டி முடித்ததிலேயே அவ்வளவு காலியான தளம் அந்த இலைதான்.

யாரும் கை வைக்கவில்லை. எல்லோரும் செல்லம்மாவைப் பார்த்தார்கள். செல்லம்மா முட்டையைப் பார்த்தார். பிறகு கவிதாவைப் பார்த்தார். கவிதாவின் கன்னத்தில் ஒரு கோடு கரி, அவள் துடைக்கவில்லை.

"நீதானே வெறகு காய வெச்ச?"

"ஆமாத்தே."

"எத்தினி நாளா?"

"மூணு வாரம்."

"எதுக்கு?"

"மாமாவுக்குப் பொகை ஆவாதுன்னு பிரபு சொன்னாரு."

செல்லம்மா இலைக்குத் திரும்பினார். முட்டையை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தார். ஓட்டுக்குள் எந்த வாசமும் போகவில்லை. உரித்தார். உப்பில் தொட்டு ஒரு கடி கடித்தார். மென்றார். நாங்கள் பதினாலு பேர் அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வெந்திருக்குது" என்றார். இன்னொரு முட்டையையும் எடுத்தார்.

ஆறுமுகம் தன் முட்டையைப் பச்சடியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "உக்காருங்க சம்பந்தி. நீங்களும் சாப்பிடுங்க."

சம்பந்தி! எனக்குத் தொண்டை அடைத்தது. முட்டைதான் அடைத்தது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

அந்தப் பிரியாணியை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். தெரு நாய்க்கு ஒரு பிடி வைத்தேன். அது முகர்ந்து பார்த்தது, என்னையும் ஒரு தடவை முகர்ந்து பார்த்தது, போய்விட்டது. கௌரம்மாவுக்கு இரண்டு புது படுக்கை விரிப்பு வாங்கிக் கொடுத்தேன். மீதிப் பலகைகளை ஜபி பாய் எடுத்துப்போய் தன் ஷெட்டுக்குத் தடுப்பு அடித்துக்கொண்டார். "இதுக்கு நல்ல லக்டி" என்றார்.

கல்யாணம் தங்கவயலில் ஜாம்ஜாமென்று நடந்தது. இப்போது கவிதாவுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. சம்பந்தியின் நெஞ்சும் முன்னைக்கு மோசமாகவில்லை. நான் அங்கே போகிறபோதெல்லாம், நாங்கள் இருவரும் வாசலில் நாற்காலி போட்டு மரத்தைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிறோம். பெரும்பாலும் நான்தான் ஜெயிக்கிறேன். அவருக்கு மூச்சு வாங்குவதால் விட்டுக்கொடுக்கிறார் என்று சரோஜா சொல்கிறாள்.

ஆனால் ஒன்று. பெங்களூரில் என்னைக் கேட்டால் 'சென்ட்ரிங் மேஸ்திரி' என்று நாலு தெரு சொல்லும். தங்கவயலில் போய் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. 'முட்டை சம்பந்தி' என்று கேளுங்கள்; ரயில்வே ஸ்டேஷன் ஆட்டோக்காரரே நேராக ஆறுமுகம் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார். எந்த விசேஷமாக இருந்தாலும், பந்தியில் எல்லோருக்கும் சோறு பரிமாறுவதற்கு முன்னால், செல்லம்மா என் இலைக்கு மட்டும் தனியாக ஒரு அவித்த முட்டையைக் கொண்டுவந்து நடுவில் வைப்பார். பந்தியே கையைக் கட்டிக்கொண்டு என் வாயைப் பார்க்கும். நான் அவசரப்படாமல் உரித்து, கடித்து, மென்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன்: "இன்னொரு ரெண்டு நிமிஷம் வெந்திருக்கலாம்."

இத்தனை வருஷம் தொழில் பண்ணினவன், குறை இருந்தால் சொல்லத்தானே வேண்டும்?